துப்பாக்கிக் கட்டைக்கு ஒரு தொட்டில்

"இந்த வீட்ல இப்ப யாருக்குடா தொட்டில்?" என்று அம்மா கேட்டார். கையில் ரம்பம், தரையில் பலாப்பலகை, வாயில் பென்சில். பதில் சொல்ல வாயைத் திறந்தால் பென்சில் விழும். சும்மா இருந்துவிட்டேன். ஏர் ரைஃபிள் கட்டைக்குத் தொட்டில் என்று சொல்லியிருந்தால் இன்னும் பத்துக் கேள்வி வந்திருக்கும்.

விஷயம் இதுதான். அக்கா மகன் ஒரு பழைய ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறான். குழலை மடக்கி லோடு செய்கிற வகை. 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு உட்பட்டது, லைசென்ஸ் கேட்காதது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்குக்குப் போய்வந்ததிலிருந்து இவனுக்கும் அந்த ஆசை. மொட்டை மாடியில் அட்டைப்பெட்டிக்குள் பழைய துணியைத் திணித்து, மேலே பேப்பர் டார்கெட் ஒட்டிச் சுட்டுப் பழகுவான். ஒரு நாள் வந்து, "மாமா, கை வேர்த்தா வழுக்குது. பிடியில ஏதாவது பண்ண முடியுமா?" என்றான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மே மாதம் கை வேர்க்காத ஆள் யார்? கட்டையை, அதாவது ரைஃபிளின் மரப் பாகத்தை, தடவிப் பார்த்தேன். வார்னிஷ் பூசிய மொழுமொழு மரம். சோப்புக் கட்டியைப் பிடிப்பது போல இருந்தது.

இதற்கு உலகம் முழுக்க இருக்கிற பழைய வைத்தியம் செக்கரிங். பிடியிலும், குழலுக்குக் கீழே மறுகை தாங்குகிற முன்கட்டையிலும் சாய்வான கோடுகளை நெருக்கமாக வெட்டுவது. ஒரு திசையில் ஒரு வரிசை, அதை வெட்டிக்கொண்டு குறுக்கே இன்னொரு வரிசை. ஒவ்வொரு கோடும் 'வி' வடிவப் பள்ளம். இரண்டு வரிசையும் வெட்டிக்கொள்கிற இடங்களுக்கு நடுவே நிற்கும் மரம் குட்டிக் குட்டி வைரம் போல, நுனி கூராக எழுந்து நிற்கும். உள்ளங்கை அதில் நன்றாகப் பற்றும். பார்க்கவும் அழகு. ஓர் அங்குலத்தில் எத்தனை கோடு என்பதுதான் கணக்கு. 16, 18 என்றால் பெரிய கட்டம். 20, 22 சாதாரணம். 28, 32 எல்லாம் நல்ல கெட்டியான வால்நட் மரத்தில், நல்ல கைகாரர் செய்வது. நம் ஆசாரி வேலைக் கணக்கில் சொன்னால், 18 கோடு என்பது ஒரு நூலுக்குள் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இரண்டேகால் கோடு. கதவு நிலையில் அரை நூல் தவறினால் 'பரவாயில்ல, புட்டி வச்சுக்கலாம்' என்று விடுகிற எனக்கு இது புது உலகம்.

முதலில் தொட்டிலெல்லாம் இல்லாமல்தான் ஆரம்பித்தேன். நாற்பது வயதுக்கு மேல் ஒரு வேலையைக் கற்கிறவனுக்கு வருகிற தைரியம் அது. இரும்புப் பாகத்தைக் கழற்றி (குழலில் குண்டு இல்லை, ஸ்பிரிங் இழுபட்டு நிற்கவில்லை என்று இரண்டு முறை பார்த்த பிறகு) கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன். பென்ச் வைஸில் (மேசையில் பொருத்திய இரும்புப் பிடிப்பானில்) துணி சுற்றி மாட்டினேன். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பேரம் பேசி வாங்கிய நாலு அங்குல வைஸ் அது. முதல் ஆறேழு கோடு நன்றாகவே வந்தது. பிடி உருண்டையானது. கோடு வளைவில் இறங்கும்போது கையும் கூடவே இறங்க வேண்டியிருந்தது. மணிக்கட்டு திரும்பியது, உளி சாய்ந்தது, பள்ளம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் போனது. சரி, வைஸைத் தளர்த்திக் கட்டையைத் திருப்பி மாட்டலாம் என்றால், ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று தடவை தளர்த்த வேண்டும். அலுத்துப்போய், வைஸை விட்டுக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெட்டினேன். எட்டாவது கோடு. உளி வழுக்கி, எல்லைக் கோட்டைத் தாண்டி, வழவழப்பான மரத்தின் மேல் அரை அங்குலத்துக்கு ஒரு கீறல் போட்டுவிட்டு நின்றது. 'சர்' என்ற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

என் மனைவி தையல்காரி. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். "ஏங்க, ரவிக்கைக் கழுத்து தைக்கிறப்ப நான் ஊசியையா திருப்புறேன்? துணியத்தானே திருப்புறேன். நீங்க என்னடான்னா கட்டையை அசையாம வச்சிட்டு, ஆளே வளையிறீங்க" என்றாள். அவள் சொன்னதற்கு மேல் தொட்டிலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கை ஒரே உயரத்தில், ஒரே சாய்வில், ஒரே திசையில் போய்வர வேண்டும். திரும்ப வேண்டியது கட்டைதான். அதற்கு, கடைசல் இயந்திரத்தில் கட்டையை மாட்டுவது போல இரண்டு முனையிலும் பிடித்து, நடுவில் தொங்கவிட்டு, விரலால் உருட்டுகிற மாதிரி ஒரு சட்டம் வேண்டும். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே தொட்டில் என்பதுதான். அம்மா சரியாகத்தான் கேட்டார்.

மரம் வீட்டிலேயே இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியுமாக விழுந்த மரத்துக்குக் கணக்கில்லை. மாமனார் தோப்பிலும் விழுந்தது. அதில் அறுத்த பலகைகளில் நாலைந்து என் பரணுக்கு வந்து சேர்ந்தன. வீணைக்குப் பண்ருட்டிப் பலாவைத் தேடி வாங்குவார்கள். நான் அதில் ரைஃபிள் தொட்டில் செய்யப் போகிறேன் என்று மாமனாருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார். ஆனால் வருடக்கணக்கில் பரணில் காய்ந்த பலா இனிமேல் முறுக்காது. அந்த ஒரு குணம்தான் எனக்கு வேண்டும். புதிதாக அறுத்த ரீப்பரில் செய்தால், ஐப்பசி மழையில் ஊதி, தையில் சுருங்கி, நேர்கோடு என்பதே இருக்காது.

அடிக்கட்டை நாலடி நீளம், மூன்று அங்குல அகலம், இரண்டு அங்குலக் கனம். ரைஃபிள் கட்டை 31 அங்குலம் இருந்தது. இரண்டு பக்கத் தூண், தட்டு, போல்ட் எல்லாம் போக நாலடி சரியாக இருக்கும். ஒரு தூணை அடிக்கட்டையின் ஒரு முனையில் பசை போட்டு, இரண்டு போல்ட் முடுக்கி நிரந்தரமாக நிறுத்தினேன். மற்றதை நகர்த்த முடிய வேண்டும். இல்லையென்றால் இந்தக் கட்டைக்கு மட்டும்தான் தொட்டில் உதவும். அடிக்கட்டையின் மறுமுனைப் பக்கம், அகலத்தின் நடுவில், பத்து அங்குலத்துக்கு ஒரு நீளக் காடி (அடிவரை போகிற துளை) வெட்டி, கீழிருந்து ஒரு போல்ட் ஏற்றி, மேலே பட்டர்ஃப்ளை நட். தூணின் அடியில் காடிக்குள் உட்காருகிற மாதிரி ஒரு நாக்கு. அந்த நாக்கு இல்லாவிட்டால் நட்டை முடுக்கும்போது தூண் லேசாகத் திரும்பிக்கொள்ளும்.

தூண் உயரத்தில்தான் முதல் முட்டாள்தனம். அடிக்கட்டைக்கு மேல் நாலு அங்குலத்தில் அச்சை வைத்துத் துளை போட்டேன். கட்டை எவ்வளவு பருமன் இருக்கப்போகிறது, நாலு போதும் என்று கண் மதிப்பு. மாட்டிச் சுற்றினால், கால் சுற்று போனதும் 'டொக்'. பிஸ்டல் பிடியின் நுனி அடிக்கட்டையில் இடித்தது. துப்பாக்கிக் கட்டை உலக்கை மாதிரி நேராக இருக்காது. பின்பக்கம் கீழே இறங்கும், பிடி தனியாகத் தொங்கும். அளக்க வேண்டியது பருமனை இல்லை. அச்சிலிருந்து மிகத் தள்ளி நிற்கிற நுனி எது, அது எவ்வளவு தூரம் என்று பார்த்து, அதற்கு மேல் உங்கள் விரல்முட்டி போய்வர இரண்டு அங்குலம் சேர்க்க வேண்டும். இரண்டாவது தடவை ஏழரை அங்குலத்தில் வைத்தேன். பழைய தூண்கள் அடுப்படியில் அலமாரிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

பின்முனையைப் பிடிப்பது சுலபம். கட்டையின் பின்னால் இருக்கிற ரப்பர் பேடைக் கழற்றினால் இரண்டு ஸ்க்ரூ துளை இருக்கும். 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு தட்டு வெட்டி, அதே துளைகளில் ஸ்க்ரூ போட்டு மாட்டிவிட்டேன். மரத்தில் புதுத் துளை ஒன்றும் இல்லை. தட்டின் நடுவில் அச்சு போல்ட்டுக்கு ஒரே துளை போடாமல், மேலும் கீழுமாக மூன்று அங்குலத்துக்கு ஒரு காடி போட்டதுதான் இந்த வேலையிலேயே நான் செய்த உருப்படியான காரியம். முன்கட்டையை வெட்டும்போது அச்சு அதன் நடுவில் ஓட வேண்டும். பிடியை வெட்டும்போது அச்சு பிடியின் நடுவுக்குக் கிட்டே வர வேண்டும். அச்சு தள்ளியிருந்தால், கட்டையைச் சுற்றும்போது வெட்டுகிற இடம் மேலே ஏறி, கீழே இறங்கி, அப்படியே ஊஞ்சலாடும். கையும் அதன் பின்னாலேயே போகும். அப்புறம் தொட்டில் எதற்கு? காடி இருந்தால் நட்டைத் தளர்த்தி, பின்முனையை ஓர் அங்குலம் தூக்கி, மறுபடி முடுக்கிக்கொள்ளலாம்.

முன்முனையில், இந்த மடக்கு ரைஃபிளின் முன்கட்டை பிளந்த மாதிரி இருக்கும். மடங்குகிற குழலின் பாகம் அந்தப் பிளவுக்குள்தான் வரும். அதன் அளவுக்கு ஒரு வேப்பங்கட்டையைச் செதுக்கி, அறுந்த பெல்ட்டின் தோலைச் சுற்றி உள்ளே நுழைத்தேன். பக்கவாட்டில் ரைஃபிளுக்கென்றே இருக்கிற இரண்டு ஸ்க்ரூ துளை வழியாகவே அதைப் பிடிக்கவைத்தேன். வேப்பங்கட்டையின் முன்னால் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் இந்தப் பக்கத்து அச்சு. இதைச் செதுக்குவதில் அவசரப்படாதீர்கள். இறுக்கி அடித்து நுழைத்தால் முன்கட்டை விரிசல் விடும். கட்டைவிரல் அழுத்தத்தில் போக வேண்டும், உதறினால் விழக் கூடாது.

இப்போது அச்சு. 10 மி.மீ. போல்ட்டை நேராகப் பலாத்தூணின் துளையில் விட்டேன். முதல் நாள் கச்சிதமாகச் சுற்றியது. மூன்றாம் நாள் ஆட்டம். பலா மெது மரம். போல்ட்டின் மரை அரம் மாதிரி துளையைத் தின்றுவிட்டது. அச்சில் மயிரிழை ஆட்டம் இருந்தால், கோட்டில் அது அப்படியே தெரியும். கடலூர் முதுநகரில் துறைமுகத்துப் படகு இன்ஜின் வேலை பார்க்கிற ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். "அண்ணே, பித்தளையில ரெண்டு புஷ் வேணும். உள்ளே பத்து, வெளியே பதினாறு" என்றேன். "எந்த இன்ஜினுக்குத் தம்பி?" என்றார். "தொட்டிலுக்கு" என்றேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கடைந்து கொடுத்தார். புஷ் என்பது அச்சு உள்ளே ஓடுகிற உலோக வளையம். அதைத் தூணில் அடித்து இறக்கி, போல்ட்டிலும் புஷ்ஷுக்குள் வருகிற பாகம் மரையில்லாமல் வழவழப்பாக இருக்கிற மாதிரிப் பார்த்து மாற்றிய பிறகு ஆட்டம் போயே போய்விட்டது.

ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. கட்டையை மாட்டி, அடிக்கட்டையின் மேல் ஒரு கம்பியை நிறுத்தி, அதன் நுனியைக் கட்டைக்கு ஒரு தாள் இடைவெளியில் வையுங்கள். கட்டையை விரல் நுனியால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். இடைவெளி மாறினால் எங்கேயோ லூஸ். நான் இதைச் செய்தபோது பித்தளையில் ஒன்றுமில்லை. ஆனாலும் கட்டை தள்ளின பிறகு திரும்பி வந்தது. தள்ளினால் போகிறது, விட்டால் கால் நூல் திரும்பி வருகிறது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

குற்றவாளி வாஷர். கட்டை தானாகச் சுற்றிவிடாமல் இருக்க, தட்டுக்கும் தூணுக்கும் நடுவே உராய்வு வேண்டும். கையால் தள்ளினால் திரும்ப வேண்டும், கையை எடுத்தால் அங்கேயே நிற்க வேண்டும். பிடி பாரமாக இருப்பதால் நட்டு லூஸாக இருந்தால் அது தானாகக் கீழே போய்விடும். அதற்காகச் சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டிருந்தேன். ரப்பர் நன்றாகப் பிடித்தது. ஆனால் ரப்பர் முறுக்கினால் முறுக்கிக்கொடுத்து, விட்டால் பழையபடி நிமிரும். உளியைத் தள்ளும்போது கட்டை மயிரிழை சுற்றி, உளியை எடுத்ததும் திரும்பி வரும். அடுத்த தள்ளல் வேறொரு தடத்தில் விழும். கோட்டின் ஓரம் கிழிந்த துணி மாதிரி இருந்ததற்கு உளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் அது. ரப்பரை எடுத்துவிட்டு, செருப்புத் தைக்கிறவரிடம் அடித்தோல் வாங்கி வாஷர் வெட்டிப் போட்டேன். தோல் வழுக்காது, முறுக்கியும் கொடுக்காது. அன்றோடு தீர்ந்தது. தொட்டில் செய்கிற யாரும் இந்த ஓர் இடத்தில் என்னை நினைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, அடிக்கட்டையின் கீழே நடுவில் ஒரு கனத்த கட்டையை ஒரே போல்ட்டில் மாட்டி, அந்தக் கட்டையை வைஸில் பிடித்தேன். இதனால் தொட்டில் முழுவதும் இடவலமாகவும் திரும்பும். கட்டை உருள்கிறது, தொட்டில் சுழல்கிறது, நான் நாற்காலியைவிட்டு அசையவில்லை. உட்கார்ந்தால் முழங்கை உயரத்துக்குக் கட்டை வர வேண்டும். அதைவிட உயரமானால் தோள் வலிக்கும், தாழ்வானால் முதுகு போகும். இரும்புச் சாமானுக்கெல்லாம் கிரீஸ் தடவி வையுங்கள். கடற்கரையிலிருந்து பத்து நிமிடத்தில் வீடு. உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் போதும், பட்டர்ஃப்ளை நட் பூண்டோடு ஒட்டிக்கொள்ளும். மழையில் நகரும் தூணின் நாக்கும் ஊதிக்கொண்டது. லேசாக இழைத்து, மெழுகு தேய்த்தேன்.

தொட்டில் முடிந்ததும் நேராக ரைஃபிள் கட்டையில் இறங்கவில்லை. சூடு கண்ட பூனை நான். பழக ஏதாவது உருண்டையான மரம் வேண்டும். கொல்லையில் பூண் கழன்ற உலக்கை ஒன்று சாத்தி வைத்திருந்தது. இரண்டடி அறுத்து மாட்டினேன். வைரம் பாய்ந்த மரம், இந்த வேலைக்கு அருமை. அம்மா பார்த்துவிட்டு மூன்று நாள் பேசவில்லை.

வெட்டுகிற ஆயுதம். டெம்-பார்ட், கன்லைன் என்று இதற்கென்றே அமெரிக்கக் கருவிகள் இருக்கின்றன. ஒற்றைக் கோடு வெட்ட ஒன்று, இடைவெளி போட இரட்டைப் பல் வரிசை உள்ள ஒன்று. ஒரு வரிசை ஏற்கெனவே வெட்டிய பள்ளத்தில் ஓட, மற்ற வரிசை அடுத்த கோட்டைப் போடும். முதல் முயற்சிக்கு அவ்வளவு செலவு வேண்டாமென்று நானே செய்துகொண்டேன். ஹேக்சா பிளேடு இரண்டு துண்டு. பிளேடின் பல் நேராக இருக்காது, இடமும் வலமுமாக நெளிந்திருக்கும். இரண்டு பக்கத்தையும் சாணைக்கல்லில் எண்ணெய் விட்டுத் தேய்த்து அந்த நெளிவை எடுக்க வேண்டும். நடுவில் குளிர்பானக் கேன் தகட்டை ஏழெட்டு அடுக்கு வைத்து, பல்லுக்குப் பல் 1.4 மி.மீ. வருகிற மாதிரி ஒரு கைப்பிடியில் இறுக்கினேன். அதுதான் 18 கோடு. இது தடம் போட மட்டும். பள்ளத்தை 'வி' ஆக்க, சின்ன மூணுபட்டை அரத்தின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, மேல்நோக்கி லேசாக வளைத்து, மறுபடி சிவக்கவைத்து எண்ணெயில் முக்கினேன். மூணுபட்டை அரத்தின் கோணம் 60 பாகை. செக்கரிங் உளிகளிலும் அந்தக் கோணம் உண்டு. வளைத்திருப்பதால் கைப்பிடி மரத்தில் இடிக்காமல் ஓடும்.

வரைவதற்கு நான் கண்ட நல்ல சாமான் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். வளைவில் ஒட்டிப் படுக்கும், ஓரம் நேராகவே இருக்கும். வைரம் அகலத்தைப் போல மூன்று மடங்கோ மூன்றரை மடங்கோ நீளம் இருந்தால்தான் கண்ணுக்கு அழகு. சதுரக் கட்டம் மாதிரி இருந்தால் தரை டைல்ஸ் ஞாபகம் வரும். மூன்று அங்குல நீளம், ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு வைரத்தை ஃபிலிமில் வெட்டி, அதை வைத்து இரண்டு மூலக்கோடுகள் போட்டேன். மற்ற எல்லாக் கோடும் இந்த இரண்டைப் பார்த்துத்தான் போகும். அதனால் இந்த இரண்டுக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டேன். இரட்டைப் பல்லை நம்பி இருபது கோடு ஒரே மூச்சில் போட்டால், கோட்டுக்கு ஒரு மயிர் என்று சேர்ந்து சேர்ந்து, கடைசியில் இரண்டு மி.மீ. கோணிக்கொண்டு நிற்கும். ஐந்தாறு கோட்டுக்கு ஒரு தடவை ஃபிலிமை வைத்துப் பாருங்கள்.

ஒரே தடவையில் ஆழம் போகக் கூடாது. முதலில் இரண்டு திசையிலும் கீறல் போல. அப்புறம் மறுபடி முதல் கோட்டிலிருந்து, இன்னும் கொஞ்சம். மூன்றாவது, நாலாவது சுற்றில்தான் வைரத்தின் தட்டையான தலை சுருங்கிச் சுருங்கிக் கூராகும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒரு டேபிள் லேம்ப் வேண்டும். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் பள்ளமே தெரியாது. பக்கத்து வெளிச்சத்தில், இன்னும் கூராகாத வைரங்களின் தலையில் புள்ளி புள்ளியாக வார்னிஷ் மின்னும். மின்னுகிற புள்ளி இருக்கிற வரை வேலை பாக்கி. தூளைத் துடைக்கப் பழைய டூத் பிரஷ். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் உட்காராதீர்கள். என் தவறுகளில் பாதி 'இன்னும் ரெண்டே கோடு, முடிச்சிட்டு எழுந்துக்கலாம்' என்று நினைத்தபோது நடந்தவை.

பழைய கீறலை என்ன செய்தேன்? வடிவத்தின் எல்லையை அந்தப் பக்கம் ஓர் அங்குலம் நீட்டி, அதற்கு மேல் அகலமான ஓரப் பட்டையும் வெட்டினேன். கீறல் அதற்குள் காணாமல் போய்விட்டது. ஓரப் பட்டை இல்லாமல் செக்கரிங் முடிக்கிறவர்களை இந்தத் துறையில் ஏன் பெரிய கைகாரர்கள் என்கிறார்கள் என்று அன்று புரிந்தது. தாண்டிப்போன கோட்டை அவர்கள் ஒளித்துவைக்க இடமே கிடையாது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று. இந்தக் கட்டை பார்க்க அடர்ந்த பழுப்பாக இருந்தாலும், அது வெறும் சாயம். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. வெட்டி முடித்தபோது பழுப்பு நிலத்தில் கோலம் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அதே நிறச் சாயத்தைக் கரைத்து பிரஷ்ஷால் பள்ளத்துக்குள் விட்டு, காய்ந்த பிறகு ஆளி விதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து, நீர்க்க, டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். கெட்டியாகப் பூசினால் பள்ளம் அடைத்துக்கொள்ளும், பட்ட பாடெல்லாம் வீண். வார்னிஷ் பக்கமே போகாதீர்கள். இன்னொன்று, இது விளையாட்டில்லை: ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், காயும்போது அதுவே சூடேறித் தீப்பிடிக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் கேட்கவே வேண்டாம். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

அக்கா மகன் வாங்கிப் பார்த்துவிட்டு, முதலில் கண்ணை மூடிக்கொண்டு பிடியைப் பிடித்தான். ஒன்றும் சொல்லவில்லை. மாடிக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் அட்டைப்பெட்டியில் 'டப், டப்' என்று சத்தம் கேட்டது. எனக்கு அது போதும்.

அவன் நாலு பேரிடம் காட்டியிருப்பான் போல. ஒருவர் தன் தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கிக்கும் இதைச் செய்துதர முடியுமா என்று கேட்டு வந்தார். "கட்டையை மட்டும் கழட்டிக் கொண்டாந்து தர்றேன் சார், இரும்பு வராது" என்றார். முடியாது என்றேன். துப்பாக்கி பழுதுபார்க்கவே 1959 ஆயுதச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். கட்டை மட்டும்தானே என்று நானாக ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு, பிறகு போலீஸ் ஸ்டேஷனில் செக்கரிங் என்றால் என்ன என்று விளக்க எனக்குத் தெம்பு இல்லை. லைசென்ஸ் உள்ள கடையில் கொடுங்கள் என்று டீ கொடுத்து அனுப்பினேன்.

தொட்டில் சும்மா இல்லை. போன வாரம் அம்மா தன் கைத்தடியைக் கொண்டுவந்து, "இதுவும்தான் வேர்வைல வழுக்குது" என்று திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். உலக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தடி சின்னதுதான், நகரும் தூணை உள்பக்கம் கடைசிவரை தள்ளியும் அதன் முனைக்கு எட்டவில்லை. தடிக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு கட்டை வைத்து நீட்டியிருக்கிறேன். வயதான தோலுக்குக் கூர் ஆகாது. 16 கோடு போட்டு, வைரத்தின் தலையைத் தட்டையாகவே விடலாம் என்று இருக்கிறேன். மூலக்கோடு இரண்டும் நேற்று போட்டாயிற்று.